குழாயில் ஒட்டிய பெயர்

பெரியகல்லாற்றில் இருந்து மட்டக்களப்புக்கு முதல் பஸ் விடிய ஐந்தரைக்கு. சண்டை மூண்ட நாட்களில் அது ஆறரைக்கும் வரும், ஏழரைக்கும் வரும், வராமலும் விடும். வந்தாலும் ஆமிக்காரர் வழியில் நாலு இடத்தில் எல்லாரையும் இறக்கிப் பைகளைக் கிளறிப் பார்த்து, முந்நூறு மீற்றர் தூரம் நடக்கவிட்டு, அங்கால் நிற்கிற பஸ்ஸில் மறுபடி ஏறச் சொல்வார்கள். சீதேவிப்பிள்ளை அந்த வழியால் பத்தொன்பது வருடமாக வேலைக்குப் போய் வந்தவள். ஆசனம் கிடைத்தால் கண்ணை மூடிவிடுவாள். இறங்கு என்றால் இறங்குவாள், ஏறு என்றால் ஏறுவாள். நடுவில் எத்தனை தரம் இறங்கினாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

மட்டக்களப்பு ரவுணில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் அவள் சிற்றூழியர். இரத்தம், சளி, சிறுநீர் என்று வந்து சேருகிற சோதனைக் குழாய்களுக்குப் பெயர் போட்டு, வரிசைப்படி அடுக்கி, உள்ளே கொடுப்பது அவளுடைய வேலை. முன்பெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டரை விரலளவு வெட்டிக் குழாயில் சுற்றி, அதன்மேல் பேனையால் பெயரையும் வாட்டையும் எழுதுவாள். ஒரு நாளைக்கு நூறு, நூற்றிருபது பெயர். எழுதி எழுதி மணிக்கட்டு வீங்கி, பின்னேரம் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக்கூட ஏலாமல் போகும். ஈரம் பட்டால் மை கரையும். சாமித்தம்பி என்ற பெயரில் இரண்டு பேர் ஒரே நாளில் வந்து, ஒருவருடைய சீனி அளவு மற்றவருடைய கணக்கில் ஏறிய கதையும் உண்டு. அதற்காக அவள் ஒரு கிழமை அழுதிருக்கிறாள்.

கடல் வந்து ஊரை அடித்த பிறகு வெளிநாட்டுக்காரர் எத்தனையோ சாமான் கொடுத்தார்கள். அப்படி வந்ததுதான் அந்த மெசின். தையல் மெசின் பெட்டியளவு இருக்கும். பக்கத்து மேசையில் அசனார் என்கிற பொடியன் முகமுள்ள எழுதுவினைஞர், நோயாளியின் படிவத்தைப் பார்த்துப் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் கணினியில் அடிப்பார். சீதேவிப்பிள்ளை குழாயை மெசினின் பள்ளத்தில் வைத்துப் பொத்தானை அமத்தினால் மூடி தானாகச் சாத்தும். உள்ளே குழாய் ஒரு சுற்றுச் சுற்றும். திறக்கும்போது கறுப்புக் கோடுகளும் ஆங்கில எழுத்துமாக ஒரு லேபல் சுருக்கமே இல்லாமல் ஒட்டியிருக்கும். திகதியும் மணியும் நிமிசமும்கூட அதில் இருக்கும். பெயருக்குப் பத்து எழுத்துத்தான் இடம். நீளப் பெயர்களின் வால் அறுந்துவிடும். அதைப் பற்றி ஆரும் கவலைப்படவில்லை. உள்ளே இருக்கிற மெசின்கள் கோடுகளைத்தான் வாசிக்கும், பெயரை அல்ல.

பிழை குறைந்தது. மணிக்கட்டு வீக்கம் வற்றியது. பதிவுக் கொப்பி எழுதுவதும் நின்றுபோனது, மெசின் எல்லாவற்றையும் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் என்று சொன்னார்கள். சீதேவிப்பிள்ளை அந்த மெசினை மனசார வாழ்த்தினாள். காலையில் துணியால் துடைத்து, நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவிச்சைப் போடுவாள்.

அவளுடைய வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. அது கடலோடு போய்விட்டது. புருசன் அதற்கு முன்னமே, வட்டையில் நாற்று நடுகைக்குப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்துபோனவன். பிள்ளை இல்லை. ஆகவே வாவிப் பக்கத்தில் தங்கச்சி இராசாத்திக்குச் சீதனமாகக் கொடுத்த தாய் வீட்டில் ஒரு அறையில் இருந்தாள். இராசாத்தியின் புருசன் வினாயகமூர்த்தி தோணிக்காரன். செல்வன் மீனும் யப்பான் மீனும் இறாலும் அவனுடைய வலையில் விழும். வாவியில் இறங்க நேவியும் ஆமியும் மணிக்கணக்கு வைத்த பிறகு, கிழமையில் மூன்று நாள் விழுந்தால் பெரிய காரியம். அதிகம் பேசாத மனுசன். மச்சாள் சீதேவிப்பிள்ளை வேலை முடிந்து வரும்போது முற்றத்தில் தண்ணீர் வாளி நிரப்பி வைத்திருப்பான். அதைக்கூடச் சொல்லிக்காட்ட மாட்டான். அவர்களுக்கு ஒரே மகள், கோகிலவாணி, பதினொரு வயது.

இரண்டாயிரத்து ஏழு மாசி கழிந்து பங்குனி பிறக்கிற நாட்கள். வாவிக்கு அங்கால் படுவான்கரையில் செல் குண்டு விழத் தொடங்கியது. சனம் தோணியிலும் பாலத்தாலும் ரவுணுக்கு வந்து குவிந்தது. பள்ளிக்கூடம், கோயில் வளவு, வெறும் வெட்டை என்று கண்ட இடமெல்லாம் தறப்பாள் கூடாரம். காய்ச்சல், வயிற்றோட்டம், செல் துண்டு பட்ட காயம். ஆய்வுகூடத்துக்கு நூற்றிருபது குழாய் வந்த இடத்தில் முந்நூறு வந்தது. வெயில் தகரக் கூரையில் இறங்கி, பிற்பகல் ஆனால் உள்ளே மனுசர் நிற்க முடியாது.

பதினாலாம் திகதி புதன்கிழமை, நைலோன் நூல் வாங்கவென்று வினாயகமூர்த்தி ரவுணுக்குப் போனான். திரும்பி வரவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் அவனை மறித்து நடுவில் இருத்திக் கொண்டுபோனதாகப் பஸ் நிலையத்தடியில் தேங்காய் விற்கிற ஒருவர் சொன்னார். அடுத்த நாள் போய்க் கேட்டபோது, தான் அப்படி ஒன்றும் சொல்லவே இல்லை என்றார். அந்த நாட்களில் ஆர் ஆரைப் பிடித்தார்கள், என்னத்துக்குப் பிடித்தார்கள் என்று கேட்கவும் முடியாது, கேட்டாலும் பதில் வராது.

வியாழக்கிழமை முழுக்க அக்காவும் தங்கச்சியும் பொலிஸ், காம்ப் என்று அலைந்தார்கள். வெள்ளிக்கிழமை சீதேவிப்பிள்ளை வேலைக்கு வந்தாள். வேலை செய்ய அல்ல, ஆஸ்பத்திரியில் தேட. ஏழு மணிக்கே வாட்டு வாட்டாகப் போய்க் கட்டில்களைப் பார்த்தாள். அனுமதிப் புத்தகம், சவச்சாலைப் புத்தகம் இரண்டையும் தெரிந்தவர்களிடம் கெஞ்சி வாங்கிப் பார்த்தாள். அவன் இல்லை. எட்டரைக்கு மெசினடிக்கு வந்து நின்றாள். ஆய்வுகூடத்தின் பெரியவர் அப்துல் கபூருக்கு மட்டும் விசயத்தைச் சொன்னாள். வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வெளியில் சொல்வதே அப்போது ஆபத்தான கதை. லீவு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் கபூர். வீட்டுக்குப் போனால் தங்கச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதைவிட நிற்பது லேசு என்று அவள் நின்றுவிட்டாள். பின்னேரம் போகும்போது இன்னொரு தரம் வாட்டுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு இராசாத்தியின் சீவியம் அரசாங்கக் கந்தோர்களில் போனது. எந்த மேசைக்குப் போனாலும் முதலில் கேட்பது அடையாள அட்டை இலக்கம்தான். அவள் மனப்பாடமாகச் சொல்வாள், ஆறு ஆறு மூண்டு நாலு ரெண்டு பூச்சியம் எட்டு ஒண்டு ஏழு, வி. கூடப் போய்ப் போய்ச் சீதேவிப்பிள்ளைக்கும் அது பாடமாகிவிட்டது. கடைசியாகக் கண்ட திகதி என்ன என்று அடுத்ததாகக் கேட்பார்கள். பங்குனி பதினாலு. பிறகு, வேறு சாட்சி, கடுதாசி ஏதும் உண்டா என்று கேட்பார்கள். அதோடு முடிந்துவிடும். கந்தோருக்குப் போகாத நாளில் இராசாத்தி ஒரு இறால் யாவாரியின் கொட்டிலில் இறால் உடைக்கப் போனாள். விரல் நுனியெல்லாம் வெந்து வெளிறிப்போய், பின்னேரம் சோற்றைப் பிசைய ஏலாமல் கரண்டியால் சாப்பிட்டாள்.

ஆடி மாதம். கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு அடித்தது. சண்டை கிழக்கில் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். அந்தக் கிழமையில் ஒரு நாள் மெசின் நின்றது. குழாயை வைத்தாலும் மூடி சாத்தவில்லை. சின்னத் திரையில் ஒரு வரி மட்டும் நின்று மின்னியது. வயிறு நிரம்பிவிட்டது, பழையதை அழித்தால்தான் புதியதை எழுதும் என்று கபூர் வாசித்துச் சொன்னார். கொழும்பில் இருந்து கம்பனி ஆள் வந்து சேர ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளும் சீதேவிப்பிள்ளை மறுபடி பிளாஸ்டர் வெட்டினாள். இரண்டாம் நாளே மணிக்கட்டு வீங்கிவிட்டது.

வந்த ஆள் நல்ல மனுசன். முழுவதையும் துடைக்கப் போகிறேன், வேண்டுமென்றால் அதற்கு முதல் ஒரு பட்டியல் அடித்துத் தருகிறேன் என்றார். மெசின் கொடுத்தவர்கள் எத்தனை குழாய்க்கு லேபல் போட்டீர்கள் என்று கணக்குக் கேட்டிருந்ததால் கபூரும் ஓம் என்றார். பட்டியல் மடிப்பு மடிப்பாக வந்து நிலத்தில் குவிந்தது. இலக்கங்கள் இடையில் விட்டுப்போயிருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை சீதேவிப்பிள்ளைக்கு வந்தது. அவள் அடிமட்டத்தை வரிக்கு வரி இறக்கிக்கொண்டு, வரிசை இலக்கத்தை மட்டும் பார்த்துப் போனாள். தை, மாசி. பங்குனிக்கு வந்தபோது தாள் தடித்துவிட்டது. அந்த நாட்களின் வேலை அப்படி.

பங்குனி பதினாறாம் திகதியின் நடுவில் ஒரு வரியில் அடிமட்டம் கொஞ்சம் சரிந்தது. நேராக்கும்போது அந்த வரியின் கடைசியில் இருந்த இலக்கத்தில் கண் பட்டது. ஆறு ஆறு மூண்டு நாலு ரெண்டு. மீதியை வாசிக்க முதலே மனம் தானாகச் சொல்லி முடித்துவிட்டது. பிறகு அவள் வாசித்தாள். ஒரு எழுத்தும் மாறவில்லை. வரியின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வினாயகமோ என்று பத்து எழுத்தோடு பெயர் அறுந்து நின்றது. ஆண், நாற்பது. அவசர சிகிச்சைப் பிரிவு. பத்து ஐம்பத்திரண்டு.

அவள் எழும்பவில்லை. அடிமட்டத்தை அந்த வரியிலேயே அமத்திப் பிடித்துக்கொண்டாள். கபூர் வந்து என்னவென்று கேட்டபோது விரலால் காட்டினாள். அவர் இலக்கத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

அன்றைய படிவக் கட்டை இரண்டு பேருமாக அவிழ்த்துப் பார்த்தார்கள். அதற்கு முந்தின இலக்கமும் இருந்தது, பிந்தின இலக்கமும் இருந்தது. அந்தப் படிவம் மட்டும் இல்லை. பிறகு கபூர் இரத்த வங்கியின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் பெயர் இல்லை, மெசின் போட்ட வரிசை இலக்கம் மட்டும் இருந்தது. ஓ பொசிற்றிவ். நோயாளியின் இரத்தத்தோடு ஒத்துப் பார்த்து இரண்டு பை ஒதுக்கி வைத்திருந்தார்கள். எடுத்துச் சென்ற நேரம் என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. மூன்றாம் நாள் இரண்டு பையும் இருப்புக்குத் திரும்பிவிட்டன.

அசனாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அக்கா, அடையாள அட்டையைப் பார்த்துத்தான் அடித்திருப்பேன், இல்லாவிட்டால் இலக்கம் இருக்காது, ஆனால் அன்றைக்கு வந்த முந்நூறு பேரில் எனக்கு எந்த முகமும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு, அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். அவசரப் பிரிவில் அன்று கடமையில் நின்ற தாதி மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தாள்.

அவன் காயத்தோடு வந்திருக்கிறான். ஆரோ கொண்டுவந்திருக்கிறார்கள். இரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்கு இரத்தம் போயிருக்கிறது. ஏற்றுவதற்கு முதல், புத்தகத்தில் பெயர் ஏறுவதற்கும் முதல், ஆரோ கொண்டுபோயிருக்கிறார்கள். அவள் மேல்மாடி வாட்டுகளில் கட்டில் கட்டிலாகப் பார்த்துவிட்டு வந்து நின்ற அதே காலையில், அவனுடைய குழாய் அவளுடைய கைக்கு வந்திருக்கிறது. அவள் அதைப் பள்ளத்தில் வைத்துப் பொத்தானை அமத்தியிருக்கிறாள்.

கபூர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சீதேவியக்கா, இத வெளியில சொல்லவும் ஏலா, சொல்லாம இருக்கவும் ஏலா. படிவத்த எடுத்தவனுக்கு இந்தப் பட்டியல் இரிக்கிற தெரியா. தெரிஞ்சா நமக்கு ரெண்டு பேருக்கும் இஞ்ச வேல இல்ல. வேல மட்டுமில்ல."

"எனக்கு விளங்குது சேர்."

"பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவரு எல்லாத்தையும் அழிச்சிருவாரு. பட்டியல் மேலிடத்துக்குப் போயிரும்."

ஒரு லேபல் எடுக்கலாமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர் இல்லை என்று சொல்ல வேண்டி வரும் என்று அவளுக்குத் தெரியும். கபூர் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கம்பனி ஆளைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகும்படி அசனாருக்குச் சொன்னார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றார்.

"எங்கட காக்கா, எனக்கு மூத்தவரு, தொண்ணூறாம் ஆண்டு றோட்டால போனவரு, திரும்பி வரல்ல. ஒரு துண்டுக் கடுதாசி இல்ல. உம்மா மவுத்தாகிக் கண்ண மூடுற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இரிந்தா." பிறகு மெசினைப் பார்த்துச் சொன்னார். "நான் தொழுதுட்டு வாறன். இருவது நிமிசம் ஆகும்."

முதலில் அடித்த லேபலைத் திரும்ப அடிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். குழாய் உடைந்தால் அப்படிச் செய்வது உண்டு. ஆனால் பள்ளத்தில் குழாய் இல்லாவிட்டால் மெசின் லேபல் தராது. புதுக் குழாய் ஒன்றை எடுத்து வைத்தாள். இலக்கத்தை அடித்துப் பொத்தானை அமத்தினாள். மூடி சாத்தித் திறந்தது. வெறும் கண்ணாடிக் குழாயில் அவனுடைய பெயரும் அந்தத் திகதியும் அந்த நிமிசமும் சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தன. சோற்றுப் பெட்டியைக் கழுவித் துடைத்து, அதற்குள் கைலேஞ்சியில் சுற்றி வைத்தாள்.

அன்று பின்னேரம் நாலு இடத்திலும் இறக்கினார்கள். மூன்றாம் இடத்தில் ஒரு ஆமிக்காரப் பெண் சோற்றுப் பெட்டியைத் திறந்து, கைலேஞ்சியை விரித்து, குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். சீதேவிப்பிள்ளை ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினாள். வெறும் குழாய்தானே என்பதுபோல் அந்தப் பெண் அதைத் திரும்பப் போட்டாள். சீதேவிப்பிள்ளை பஸ்ஸில் ஏறி, சோற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அன்று அவள் கண்ணை மூடவில்லை.

வீட்டுக்கு வரும்போது வெயில் இன்னும் விழவில்லை. இராசாத்தி கிணற்றடியில் சாம்பல் போட்டு யப்பான் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி கணக்குப் படிக்கப் போயிருந்தாள். சீதேவிப்பிள்ளை பக்கத்தில் குந்தி, எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் குழாயை எடுத்து நீட்டினாள். இராசாத்திக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் இலக்கம் தெரியும். கை கழுவாமலே வாங்கி, உதடு அசைய ஒன்பது இலக்கத்தையும் வாசித்தாள்.

"இது ஆரு தந்த அக்கா?"

சீதேவிப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னாள். மெசின் நின்றது, பட்டியல், காணாமற்போன படிவம், ஒதுக்கி வைத்த இரண்டு பை இரத்தம். சொல்லி முடிந்த பிறகு இராசாத்தி கேட்டாள்.

"வெள்ளிக்கிழமையா?"

"ஓம் புள்ள. பத்து அம்பத்திரண்டு."

"அண்டைக்கு நீங்க வேலைக்குப் போனீங்க."

"போனன். விடியவே வாட்டெல்லாம் தேடினன்."

"மறுகா?"

"மறுகா மெசின்ல நிண்டன்."

"அப்ப உங்கட கையாலயா இதுக்குப் பேர் ஒட்டின?"

"என்ட கையாலதான்."

இராசாத்தி குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேர நீங்க பாக்கல்லயா அக்கா?"

"பாக்கல்ல. பேர் பாக்கத் தேவல்ல எண்டுதான் அந்த மெசின். முந்நூறு குழாய் புள்ள அண்டைக்கு. கை தன்ர பாட்டுல வைக்கிற, எடுக்கிற. எனக்கு எழுத இரிந்திரிந்தா..." எழுத இருந்திருந்தால் அந்தப் பெயரை எழுதியிருப்பாள். முதல் எழுத்திலேயே தெரிந்திருக்கும். வளவைத் தாண்டி ஓடியிருந்தால் இரண்டு நிமிசம். அதற்குப் பிறகு என்ன செய்திருக்க முடியும் என்று தெரியாது. முகத்தையாவது பார்த்திருக்கலாம்.

இராசாத்தி குழாயைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு மிச்ச மீனையும் வெட்டினாள். கழுவி, ஆணம் வைத்து, மகளுக்குச் சோறு போட்டாள். அக்காவுக்கும் கோப்பையில் போட்டு மூடி வைத்தாள். கூப்பிடவில்லை. அன்று தொடங்கி அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் தேவையான கதை மட்டும்தான் நடந்தது. உப்பு முடிந்தது, தண்ணீர் வரவில்லை, பிள்ளைக்குக் கொப்பி வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கிழமைக்குப் பிறகு இராசாத்தி காணாமற்போனவர்களைப் பதிகிற கந்தோருக்கு, அக்காவைக் கூப்பிடாமல் மகளோடு போய்வந்தாள். என்ன நடந்தது என்று சீதேவிப்பிள்ளைக்குச் சொன்னது கோகிலவாணிதான். அங்கிருந்த பெண் குழாயைப் படம் பிடித்துக்கொண்டு, அம்மாவின் பைலைத் திறந்து, கடைசியாகக் கண்ட திகதி என்ற இடத்தில் பதினாலை வெட்டிப் பதினாறு என்று எழுதினாளாம். இது எப்படிக் கிடைத்தது, ஆர் தந்தது என்று மூன்று தரம் கேட்டாளாம். ஆஸ்பத்திரி வளவுக்குள் கிடந்தது, நான்தான் எடுத்தேன் என்று அம்மா சொன்னாளாம். கந்தோரை விட்டு வெளியில் வந்து மர நிழலில் நின்று, அப்பா ரெண்டு நாள் கூடுதலா உசிரோட இரிந்திரிக்காரு மனே என்று சொன்னாளாம்.

கந்தோர் ஆஸ்பத்திரிக்கு எழுதியது. அந்தத் திகதியில் அந்தப் பெயரில் ஒருவரும் அனுமதிக்கப்படவில்லை என்று நாலு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. அது பொய்யும் அல்ல. குழாயை எவரும் விசாரிக்கவில்லை. கபூரிடமோ அசனாரிடமோ ஒருவரும் வந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. வினாயகமூர்த்தி வரவில்லை.

சீதேவிப்பிள்ளை அதற்குப் பிறகு ஒவ்வொரு குழாயின் பெயரையும் வாசித்துவிட்டுத்தான் பொத்தானை அமத்தினாள். வால் அறுந்த பெயராக இருந்தால் அசனாரிடம் முழுப் பெயரைக் கேட்பாள். வரிசை நகரவில்லை. வெயிலில் நின்ற சனம் முணுமுணுத்தது. உள்ளே இருந்தவர்கள் குழாய் வரவில்லை என்று சத்தம் போட்டார்கள். ஐப்பசி வரைக்கும் அப்படிச் செய்தாள். பிறகு மழை தொடங்கிக் காய்ச்சல்காரர் கூடினார்கள். ஒரு நாள் பின்னேரம் பஸ்ஸில் இருந்து நினைத்துப் பார்த்தபோது, அன்று மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பெயரையும் தான் வாசிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தன்னைத் தானே ஏசக்கூட அவளுக்குத் தெம்பு இருக்கவில்லை.

மார்கழியில் வாவி கரை ஏறியது. வீட்டு முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். கோகிலவாணிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை. பரியாரியின் மருந்துக் குடிநீருக்கும் குறையவில்லை. நாலாம் நாள் விடிய இராசாத்தி பிள்ளையைப் போர்த்திக்கொண்டு, அக்காவோடு முதல் பஸ்ஸில் ஏறினாள். மூன்று பேருக்கும் ஒரு ஆசனம் கிடைத்தது. பிள்ளை நடுவில் சாய்ந்து நித்திரையானாள். சோதனைக்கு இறக்கிய இடங்களில் அவளை மாறி மாறித் தூக்கிக்கொண்டு மழைக்குள் நடந்தார்கள்.

வெளிநோயாளர் பிரிவில் வைத்தியர் பார்த்துவிட்டு இரத்தம் சோதிக்க எழுதினார். இராசாத்தி மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். அக்கா உள்ளே வேலை செய்கிறாள் என்று முந்திப் போகவில்லை. அவள் அந்த யன்னலடிக்கு வருவது அதுதான் முதல் தரம். நாற்பது பேருக்குப் பின்னால் நின்று, யன்னலுக்கு அங்கால் மூடி திறந்து சாத்துவதையும் அக்காவின் கை போய் வருவதையும் அவள் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள்.

பிள்ளையின் கையில் இருந்து இரத்தம் எடுத்து, படிவத்தோடு குழாயைத் தட்டில் வைத்தார்கள். அசனார் பெயரையும் வயதையும் அடித்துவிட்டுக் கையை எடுத்தார். சீதேவிப்பிள்ளை குழாயை எடுத்தாள். யன்னல் கம்பிக்கு வெளியே, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இராசாத்தி நின்றாள். ஐந்து மாதமாக நேராகப் பார்க்காத கண்.

"அக்கா," என்றாள். "அவர்ர குழாய உங்கட கையில எடுக்கக்குள்ள சூடா இரிந்திச்சா?"

பின்னால் நின்றவர்களுக்கு என்ன கதை என்று விளங்கவில்லை. சீதேவிப்பிள்ளை யோசித்தாள். அந்த வெள்ளிக்கிழமை தொட்டதில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. எந்தக் குழாயும் வரவில்லை. ஓம் என்று சொல்லலாம். சொன்னால் தங்கச்சி நம்புவாள். அவள் சொல்லவில்லை. கையில் இருந்த குழாயை மெசினில் வைக்காமல் யன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினாள்.

"எனக்கு ஞாபகமில்ல புள்ள. இப்பிடித்தான் இரிந்திரிக்கும். புடிச்சுப் பார்."

இராசாத்தி வாங்கினாள். உள்ளங்கைக்குள் வைத்து விரல்களை மடக்கினாள். இறால் உடைத்துத் தோல் உரிந்த விரல்கள். கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. தோளில் பிள்ளை ஒருதரம் முனகிவிட்டு மறுபடி நித்திரையானாள். சூடு ஆறத் தொடங்கும் வரைக்கும் அவள் அப்படியே நின்றாள். அதற்குள் வரிசையில் ஒருவரும் சத்தம் போடவில்லை.

பிறகு கையைத் திறந்து குழாயைத் திரும்பக் கொடுத்தாள்.

"போடுங்கக்கா," என்றாள். "ஆக்கள் நிக்கிறாங்க."